ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி

"வர்ற ஞாயித்துக்கிழமை கடையைத் திறந்துரப் போறேன்" என்றார் மாசிலாமணி.

தெபோராள் கொதிக்கும் பாத்திரத்திலிருந்து கட்டுத்துணிகளை ஒவ்வொன்றாகக் குச்சியால் எடுத்து வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். ஆவிக்குப் பின்னால் அவர் முகம் தெரியவில்லை.

"திறங்க."

"அது தப்பான்னு கேக்கத்தான் வந்தேன்."

"அப்ப திறக்காதீங்க."

"அம்மா, நான் பஸ் ஏறி வந்திருக்கேன்."

"எல்லாரும் பஸ் ஏறித்தான் வர்றாங்க அண்ணாச்சி."

மாசிலாமணிக்கு அறுபது வயது. தெபோராளுக்கு நாற்பத்தைந்து இருக்கும். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். ஒருநாள் வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்து, கரடு என்று சொல்லும் பாறைக் குன்றின் அடியில் ஓர் ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறார். ஜனங்கள் அவரிடம் புண்ணோடும் வருவார்கள், கேள்வியோடும் வருவார்கள். இரண்டுக்கும் அவர் செய்வது ஒன்றுதான். முதலில் கழுவுவார். கழுவும்போதுதான் வலிக்கும்.

"எத்தனை வருஷமாச் சாத்தியிருக்கீங்க?"

"இருபத்திரண்டு வருஷம். ஒரு ஞாயிறு தவறினது கிடையாது."

அது உண்மை. மாசிலாமணி எரிந்துபோன கிணற்று மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். முன்னால் கடை, பின்னால் வீடு. தெற்கிலிருந்து அந்த ஊருக்கு வந்தபோது அங்கே நாலு கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்தன. ஒரு சின்ன ஜெப வீடும் இருந்தது. பனியன் கம்பெனி வேலைக்கென்று ஒவ்வொரு குடும்பமாகத் திருப்பூருக்குப் போயிற்று. ஜெப வீட்டில் இப்போது யாரோ புண்ணாக்கு மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். மாசிலாமணி மட்டும் மிஞ்சினார்.

பயிர் வாடுகிற மாதத்தில் ஞாயிற்றுக்கிழமை மோட்டார் எரிந்துபோகும். ஆட்கள் வந்து ஷட்டரைத் தட்டுவார்கள்.

"உங்க சாமி ஆறு நாளு வேல பாத்துட்டுத் தூங்கிட்டாரு, சரிங்க. எங்க சோளத்துக்கு யாருங்க லீவு குடுத்தது?"

உள்ளேயிருந்து ஒரே பதில்தான் வரும். நாளைக்கு வாங்க.

ஊரில் அவருக்கு மாசிலாமணி என்ற பெயர் மறந்துபோயிற்று. ஞாயித்துக்கெழம என்றுதான் சொல்வார்கள். 'ஞாயித்துக்கெழம கடையில மோட்டாரு குடுத்திருக்கேன், வியாழக்கெழம தர்றேன்னாரு' என்று ஒருவர் சொல்ல, கேட்ட வெளியூர்க்காரர் குழம்பிப்போவார்.

"ஞாயித்துக்கிழமை என்ன செய்வீங்க?" என்று கேட்டார் தெபோராள்.

"மோட்டாரைத் தொட மாட்டேன். அடுப்புப் பத்தவைக்க மாட்டேன், சனிக்கிழமை பொங்கினதுதான். பஸ் ஏற மாட்டேன். கடை கண்ணிக்குப் போக மாட்டேன். யார் வந்து தட்டினாலும் ஷட்டரைத் தூக்க மாட்டேன்."

"மாட்டேன் எல்லாம் சொல்லிட்டீங்க. என்ன செய்வீங்கன்னு கேட்டேன்."

மாசிலாமணி யோசித்தார்.

"வேதம் வாசிப்பேன். ஜெபம் பண்ணுவேன். அது முடிய எட்டு மணி ஆயிரும்."

"அப்புறம்?"

"உக்காந்திருப்பேன்."

"யாரோட?"

"கர்த்தரோட."

"அவர் என்ன சொல்றார்?"

மாசிலாமணி கரட்டைப் பார்த்தார். பாறையின் மேல் வெயில் வெள்ளையாக நின்றது.

"லேயாள் போன பிறகு ஒண்ணும் சொல்லலை."

லேயாள் அவர் மனைவி. போய் நாலு வருஷமாகிறது. பாட்டை எடுத்துக் கொடுக்கிறது அவள்தான். அவள் ஒரு வரி பாடியதும் இவர் பின்னால் சேர்ந்துகொள்வார். அவள் போன பிறகு முதல் ஞாயிற்றுக்கிழமை இவரே ஆரம்பித்துப் பார்த்தார். மேலே எடுத்துவிட்டார், குரல் எட்டவில்லை. கீழே எடுத்தார், பாட்டு பாட்டாக இல்லை. அதிலிருந்து பாடுவதில்லை.

"ஆறு நாளும் நல்லா இருக்கேம்மா. கம்பியை எண்ணிச் சுத்தும்போது வேற நினைப்பே வராது. ஏழாவது நாள்தான். காலையில எட்டு மணியிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அந்த வீடு என்னையே பாத்துக்கிட்டு நிக்குது."

தெபோராள் இன்னொரு துணியைக் குச்சியால் எடுத்தார். மாசிலாமணி தானே தொடர்ந்தார்.

"காயில் கட்டி வார்னிஷ் ஊத்தினா ஒரு நாள் காய விடணும். காயாமக் கரண்டு குடுத்தா புகைஞ்சிரும். மனுஷனும் அப்படித்தான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டுத்தான் இவ்வளவு நாள் ஓட்டினேன்."

"மோட்டார் எதுக்காகக் காயுது?"

"மறுநாள் ஓடறதுக்கு."

"நீங்க?"

"நானும் மறுநாள் ஓடறதுக்குத்தான்."

"அப்ப நீங்க மோட்டார்தான். திறந்துருங்க."

மாசிலாமணிக்குக் காது சூடாயிற்று.

"அதுக்கா இருபத்திரண்டு வருஷம் ஊர்க்காரன் வாயில விழுந்தேன்? பின்ன எதுக்குத்தான் சாத்தணும்? அதைச் சொல்லுங்க."

"இது ஞாயித்துக்கிழமைக் கேள்வி. புதன்கிழமை வந்து கேட்டா புதன்கிழமைப் பதில்தான் கிடைக்கும்."

"புதன்கிழமைப் பதில் என்ன?"

"இந்தத் துணியைப் பிழிஞ்சு கொடியில போடுங்க."

மாசிலாமணி பிழிந்து போட்டார். இருபத்தேழு துணிகள். கை சிவந்துபோயிற்று.

"ஞாயித்துக்கிழமை வாங்க. அதுவரைக்கும் கடையைத் திறக்க வேண்டாம்" என்றார் தெபோராள்.

"ஞாயித்துக்கிழமை நான் பஸ் ஏற மாட்டேனே."

"கால் இருக்குல்ல?"

*

பதினோரு கிலோமீட்டர்.

ஜெபத்தை முடித்துக்கொண்டு பின்கதவு வழியாக வெளியே வந்தார். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"ஏனுங்க ஞாயித்துக்கெழம, இன்னைக்கு வெளிய வந்துட்டீங்க? கெழம மாறிப்போச்சுங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். தார்ச்சாலையில் நிழல் இல்லை. பின்னால் வந்த பஸ்காரர் வேகத்தைக் குறைத்து, இவர் கையைக் காட்டாததால் போய்விட்டார்.

கரட்டடிக்குப் போய்ச் சேர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது. தட்டினார். பக்கத்துச் சன்னல் திறந்தது. தெபோராளின் முகம் தெரிந்தது.

"என்ன வேலையா வந்தீங்க?"

"நீங்கதானே வரச் சொன்னீங்க. அந்தக் கேள்வி."

"கேள்வி கேக்க வந்தீங்களா?"

"ஆமா."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. வேலையா வந்தவங்களுக்குக் கதவு திறக்கறதில்லை."

சன்னல் சாத்திக்கொண்டது.

மாசிலாமணி நின்றார். திரும்பவும் திறக்கும் என்று நினைத்தார். வீட்டைச் சுற்றி ஓர் ஆடு வந்து அவர் வேட்டி நுனியை முகர்ந்து பார்த்துவிட்டுப் போயிற்று. திறக்கவில்லை.

திரும்பி நடந்தார்.

மறுநாள் கடையில் ஒரு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தபோது நாற்பதா நாற்பத்தொன்றா என்று எண்ணிக்கை விட்டுப்போயிற்று. அப்படி நடந்ததே இல்லை. சுற்றிய அவ்வளவையும் அவிழ்த்தார். மோட்டாரோடு வந்திருந்த விவசாயி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னங்க, நேத்து லீவுல தூங்கலீங்களா?"

"நடந்தேன்" என்றார் மாசிலாமணி.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் நடந்தார். இந்த முறை பதிலை யோசித்து வைத்திருந்தார்.

சன்னல் திறந்தது.

"என்ன வேலையா வந்தீங்க?"

"வேலை ஒண்ணுமில்லை. உங்களைப் பாக்கத்தான் வந்தேன்."

"பாத்தாச்சு."

சன்னல் சாத்திக்கொள்ளப் போனது. மாசிலாமணி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நில்லுங்க. பாத்து, ரெண்டு வார்த்தை கேட்டுட்டு..."

"கேட்டு?"

"கடையைத் திறக்கணுமா வேண்டாமான்னு தெரிஞ்சுக்கிட்டுப் போயிருவேன்."

"கடையைத் தலையில தூக்கிக்கிட்டா பதினோரு கிலோமீட்டர் நடந்தீங்க? கழுத்து வலிக்கலையா அண்ணாச்சி?"

சன்னல் சாத்திக்கொண்டது.

மாசிலாமணிக்குக் கோபம் வந்தது. லேயாள் செத்தபோதுகூட வராத கோபம். போய்க் கதவை உள்ளங்கையால் அறைந்தார்.

"அறுபது வயசு மனுஷன் வெயில்ல நடந்து வந்து நிக்கேன். கதவைத் திறக்க மாட்டீங்களா? நீங்கல்லாம் என்ன ஊழியம் பண்றீங்க?"

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. மிக அருகிலிருந்து வந்தது. தெபோராள் கதவை ஒட்டித்தான் நின்றிருக்க வேண்டும்.

"யார் வந்து தட்டினாலும் ஞாயித்துக்கிழமை திறக்கறதில்லை."

மாசிலாமணி கையை எடுத்தார்.

"என் சங்கதி வேற" என்றார். "என்கிட்ட வர்றவங்க வேலை கொடுக்க வர்றவங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான். எதுத்த மாவு மில்லுக்காரர் உட்பட."

"அவருக்கு என்ன?"

மாசிலாமணி படியில் உட்கார்ந்தார். கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். முகம் தெரியாத ஆளிடம் பேசுவது எளிதாக இருந்தது.

"ஆறுச்சாமின்னு பேரு. எங்க கடைக்கு நேர் எதுத்தாப்புல மில். ஆடி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மில் ஓடலை. அந்தச் சத்தம் நின்னா எனக்கு உடனே தெரிஞ்சிரும், அந்த மோட்டார் நான் கட்டினது. பத்து மணி வாக்குல வந்து ஷட்டரைத் தட்டினார். சரி, மோட்டார் போயிருச்சுன்னு நினைச்சேன். உள்ளேயிருந்தபடியே என்ன வேலைன்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"வேலை ஒண்ணுமில்லீங்க, சும்மாதானுங்கன்னார்."

"நீங்க?"

"வேலை கொடுக்க வர்றவங்க முதல்ல அப்படித்தான் ஆரம்பிப்பாங்க. நாளைக்கு வாங்கன்னேன். ஆனா திங்கக்கிழமை காலையில மில் ஓடுச்சு. வேற எவனையோ வச்சு மோட்டாரைச் சரி பண்ணிட்டாருன்னு எனக்கு வருத்தம். நான் கட்டின மோட்டார்ல இன்னொருத்தன் கை வைக்கலாமா? அதிலிருந்து அவர்கிட்ட முகம் குடுத்துப் பேசலை. அடுத்த ஞாயித்துக்கிழமையும் மில் நின்னுச்சு. கண்டவன் பாத்த மோட்டார் நிக்கத்தானே செய்யும்? அன்னைக்கும் வந்து தட்டினார். அன்னைக்கும் கேட்டேன். சும்மாதானுங்க. இப்படி நாலு ஞாயித்துக்கிழமை. அஞ்சாவது ஞாயித்துக்கிழமை தட்டலை."

மாசிலாமணி வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார்.

"அதுக்கப்புறந்தான் எனக்கு ஞாயித்துக்கிழமை தாங்காமப் போச்சு. உங்ககிட்ட வந்தேன்" என்றார் மாசிலாமணி. சொன்ன பிறகு, எதற்காக இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னோம் என்று அவருக்கே புரியவில்லை.

"அந்த மோட்டார்" என்றது குரல், "ஞாயித்துக்கிழமை மட்டும்தான் நின்னுச்சா?"

"ஆமா."

அவர் வாயைத் திறந்தபடியே இருந்தார்.

"ஆமா" என்றார் மறுபடி.

முப்பத்திரண்டு வருஷமாக மோட்டார் கட்டுகிறார். கிழமை பார்த்து நிற்கிற மோட்டாரை அவர் கண்டதில்லை.

"அம்மா" என்று கூப்பிட்டார்.

எழுந்து வீட்டைச் சுற்றிப் போய்ப் பார்த்தார். பின்பக்கக் கதவு திறந்து கிடந்தது. தெபோராள் வெகு தூரத்தில், வேல மரங்களுக்கு இடையில், ஆடுகளுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தார். தனியாக, கையை வீசி, எங்கேயும் போய்ச் சேர வேண்டியதில்லாத நடை.

மாசிலாமணி அவரைக் கூப்பிடவில்லை.

*

அந்த வாரம் முழுக்க எதிரே மில் ஓடியது. பெண்கள் தகர டப்பாக்களோடு வந்தார்கள், போனார்கள். ஆறுச்சாமி தலையிலும் புருவத்திலும் மாவோடு வாசலுக்கு வந்து இருமிவிட்டு உள்ளே போவார். இரண்டு முறை மாசிலாமணி கடையை விட்டு இறங்கினார். ஒரு முறை லாரி குறுக்கே வந்தது. இன்னொரு முறை ஒன்றும் குறுக்கே வரவில்லை. திரும்பி வந்து கம்பி சுற்றினார்.

சனிக்கிழமை சோறு பொங்கி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு ஜெபம் முடிந்தது. உட்கார்ந்தார். மில் ஓடவில்லை. சுவர்க் கடிகாரம், தெருவில் ஒரு சைக்கிள் மணி, அப்புறம் ஒன்றுமில்லை. மேசையின் அந்தப் பக்கத்து நாற்காலி கொஞ்சம் கோணலாகக் கிடந்தது. நாலு வருஷமாக அப்படியே கிடக்கிறது.

ஒன்பதானது. பத்தானது.

ஷட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் தட்டவில்லை.

எழுந்தார். பின்கதவு வரை போனார். கரட்டுக்கு நடந்தால் வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் பாதி வழி போய்விடலாம். நின்றார். திரும்பிக் கடைக்குள் வந்து, குனிந்து, ஷட்டரைத் தூக்கினார்.

தெரு முழுக்கக் கேட்டது.

டீக்கடையில் ஒருவர் தம்ளரோடு எழுந்துவிட்டார்.

"டேய், ஞாயித்துக்கெழம தெறந்துருச்சுடா!"

"ஏனுங்க, அந்த மூணு ஹெச்.பி. மோட்டாரு ஒண்ணு வூட்டுல கெடக்குதுங்க, எடுத்துட்டு வரட்டுங்களா?"

மாசிலாமணி வெளியே வந்து ஷட்டரை மறுபடி இறக்கினார். பூட்டவில்லை. தெருவைக் கடந்தார். இருபது அடி இருக்கும்.

மில்லின் பலகைக் கதவு ஒன்று மட்டும் திறந்திருந்தது. உள்ளே எல்லாவற்றின் மேலும் மாவு படிந்திருந்தது. எந்திரத்தின் பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தார்கள். ஆறுச்சாமி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் முழங்கால்களின் மேல் இருந்தன. பஸ் ஸ்டாண்டில் கடைசி பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி இருந்தார்.

"மோட்டாரு நல்லாத்தானுங்க ஓடுது" என்றார் ஆறுச்சாமி. நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நான் கட்டினது. ஓடத்தான் செய்யும்."

"வேற யாரும் கை வெக்கலீங்க."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"போன ஞாயித்துக்கிழமை."

ஆறுச்சாமி இப்போது நிமிர்ந்து பார்த்தார். மாசிலாமணி அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியாமல் எந்திரத்தைப் பார்த்தார். பிறகு பெஞ்சின் இன்னொரு முனையில் உட்கார்ந்தார். வெள்ளை வேட்டியில் மாவு ஒட்டினாலும் தெரியாது.

வெகுநேரம் இருவரும் தெருவைப் பார்த்தார்கள்.

"டாக்டரு சொன்னாருங்க" என்றார் ஆறுச்சாமி. "மாவுத் தூசி நெஞ்சுல அடைஞ்சிருக்குது, வாரத்துல ஒரு நாளாச்சும் மில்ல நிறுத்துங்கன்னு. நானும் ஞாயித்துக்கெழம நிறுத்தீட்டனுங்க. நிறுத்துன பொறவுதான் தெரிஞ்சுது, அந்த ஒரு நாள என்ன பண்றதுன்னே எனக்குத் தெரியாதுன்னு. வூட்டுல உக்காந்தா, ஏன் உக்காந்திருக்கீங்கன்னு மருமவ கேக்கறா. கேக்காட்டியும் பாக்கறா. தோட்டத்தப் பத்து வருசம் முன்னாலயே வித்தாச்சு. அதுனால இங்கயே வந்து உக்காந்துக்கறதுங்க."

"ம்."

"எதுத்தாப்புல பாத்தன். இருவத்திரண்டு வருசமா ஷட்டரு சாத்தியே கெடக்குது. இந்த ஊர்லயே ஒரு நாள ஒண்ணும் பண்ணாமத் தாட்டுன ஆளு நீங்க ஒருத்தருதானுங்க. எப்புடின்னு உங்களக் கேட்டுக்கலாம்னுதான் வந்தனுங்க."

"நாலு வாட்டி வந்தீங்க."

"நாலு வாட்டி வந்தனுங்க."

ஆறுச்சாமி இருமினார். இருமி முடிய நேரமாயிற்று. முடிந்ததும் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, ஏதோ ரகசியம் கேட்கிற மாதிரி மாசிலாமணியின் பக்கம் சாய்ந்தார்.

"அப்புடி என்னதானுங்க பண்ணுவீங்க உள்ளார?"

மாசிலாமணி யோசித்தார். தொடாதது, ஏறாதது, வாங்காதது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. ஒன்றையும் சொல்லத் தோன்றவில்லை.

"எனக்கும் தெரியாதுங்க" என்றார்.

ஆறுச்சாமி அவரை வெறித்துப் பார்த்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாயிற்று.

"நல்லாருக்குது போங்க! இருவத்திரண்டு வருசம் சாத்தி வெச்சுக்கிட்டு, தெரியாதாமா!"

மாசிலாமணியும் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு. நிறுத்திய பிறகு உள்ளே எங்கோ வலித்தது.

வாசலில் நிழல் விழுந்தது. ராமாத்தாள் இடுப்பில் கம்பு டப்பாவோடு நின்றாள். மூன்றாவது வீட்டுக்காரி. புருஷன் இல்லை, மகள் கட்டிக்கொடுத்துப் போய்விட்டாள். ஒரு ஆளுக்கு எவ்வளவு மாவு வேண்டும்? ஆனாலும் வாரத்தில் மூன்று நாள் மில்லுக்கு வந்துவிடுவாள்.

"மில்லு ஓடாதுங்களா?"

"ஞாயித்துக்கெழம ஓடாதுன்னு ஆடியில இருந்து சொல்லீட்டிருக்கறன்" என்றார் ஆறுச்சாமி.

"அது தெரியும். எதுத்த ஷட்டரு தெறந்த சத்தம் கேட்டுச்சு. சரி, ஊரே மாறிப்போச்சாக்கும், மில்லும் ஓடும்னு வந்தன்."

"ஓடாது."

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் என்ன பண்ணீட்டிருக்கறீங்க?"

"ஒண்ணும் பண்ணல."

"அதுக்கு ரெண்டு பேரு வேணுமாக்கும்" என்றாள் ராமாத்தாள்.

ஆனால் போகவில்லை. டப்பாவை ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். தெருவைப் பார்த்தாள். அவள் வீட்டுக் கதவு அங்கிருந்தே தெரிந்தது.

"அந்த டாக்டரு இருக்கறாரே" என்று ஆறுச்சாமி விட்ட இடத்திலிருந்து தொடங்கினார், "அவரு ஞாயித்துக்கெழமையில ஆஸ்பத்திரிய மூடறதில்லீங்க. நமக்கு மட்டும் மூடச் சொல்றாரு. நாங் கேட்டனுங்க, நீங்க எப்ப டாக்டரே மூடுவீங்கன்னு..."

மாசிலாமணி எழுந்து, மூலையில் கிடந்த கோணிப்பை ஒன்றை எடுத்து, தெருப்பக்கம் போய் இரண்டு முறை உதறி, நாலாக மடித்து, ராமாத்தாளின் காலடியில் படியின் மேல் போட்டார்.